ஓ.பி. சீட்டில் எழுதிய தாழ்வு

போன மழைக்காலத்தில், விராலிமலைக்குப் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து ஒரு தம்பியை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வயது இருபத்திரண்டு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் முடித்தவன். வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறை. ஐந்து மாதம் எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது. அறையில் இருந்த ஒருவனுக்கு எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டிருக்கிறான். தம்பி ஒரு பொய் சொன்னான். ஒரு வாரத்தில் பொய் வெளுத்துவிட்டது.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. யார் என்றைக்குச் சமைப்பது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளில் இவன் பெயர் மட்டும் அடிக்கப்பட்டது. இவன் தட்டும் டம்ளரும் தனியாக ஜன்னலோரம் வைக்கப்பட்டன. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன் ஏழு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, குளியல் இல்லை.

மருத்துவர் நல்லவர்தான். முக்கால் மணி நேரம் பேசினார், மாத்திரை கொடுத்தார். ஓ.பி. சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வெளியே வந்ததும் தம்பியின் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: தாழ்வு மனப்பான்மையால் வந்த மனச்சோர்வு. அந்த அக்கா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏந்தாயி, எம்புள்ள மனசுல தாழ்வு இருக்குன்னு எழுதியிருக்காக. அதை யாரு கொண்டாந்து உள்ள வச்சான்னு எழுதலையா?" என்றார்.

அந்தச் சீட்டில் அதை எழுத இடம் இல்லை. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வி நம் வரலாற்றில் பழைய கேள்வி. மனநல மருத்துவம் அதைக் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே நம் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறிய நூலை வெளியிட்டார். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. நானூறு மாணவர்கள் இருந்த பள்ளியில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். யாரோடாவது சிநேகம் ஆனால் தன் சாதி, வீடு, குடும்பம் பற்றிக் கேட்பார்களே, தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே என்று அந்தச் சிறுவன் பயந்திருக்கிறான். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியவில்லையே என்ற வருத்தத்தை எண்பது வயதை நெருங்கும்போதும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சிறுவனை இன்றைக்கு ஒரு பள்ளி ஆலோசகர் பார்த்தால் என்ன குறிப்பு எழுதுவார்? யாருடனும் பழகுவதில்லை, ஒதுங்கியே இருக்கிறான், தாழ்வு மனப்பான்மை. மூன்று தகவலில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதுதான் சிக்கல். அந்தச் சிறுவன் தன்னைத் தாழ்வாக நினைத்ததாக எழுதவில்லை. மற்றவர்கள் தன்னை என்ன செய்வார்கள் என்பதைச் சரியாகக் கணித்திருந்தான், அவ்வளவுதான். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பொய் சொன்ன எங்கள் தம்பியின் கணக்கும் அதேதான்.

அப்படி ஒளிந்து படித்த சிறுவன் வளர்ந்து 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல் தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தாரோ, அந்தச் சொல்லை முகப்பில் அச்சடித்து விற்றார். மறைத்துக்கொண்டே இருந்தால் உரிமை கேட்க வாய் வராது என்பது அவருடைய நிலைப்பாடு.

அவருடைய மைத்துனர் பண்டிதர் அயோத்திதாசர் எடுத்தது நேர் எதிர் வழி. (ஒரே குடும்பத்தில் எப்படிப்பட்ட வாக்குவாதம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.) அந்தப் பெயரே எதிரிகள் சூட்டியது, அதை ஏற்கக் கூடாது என்றார் பண்டிதர். 1891-இல் திராவிட மகாஜன சபை, 1898-இல் பௌத்தம், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்'. நாம் பூர்வ பௌத்தர்கள், நம்மை வீழ்த்தியவர்கள் பிறகு இழிபெயர் வைத்தார்கள் என்று வாராவாரம் எழுதினார். அவர் சொன்ன வரலாற்றின் ஒவ்வொரு விவரத்தையும் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இழிவு பிறப்பில் வந்ததல்ல, ஒரு காலத்தில் சிலர் செய்தது என்கிறார். செய்தவர் உண்டு என்றால் மாற்றவும் முடியும்.

1922-இல் பெருந்தலைவர் எம்.சி.ராஜா பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்றே அரசு எழுத வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1924-இல் தாத்தா சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு, அலுவலகம் எதிலும் எங்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இந்த இரண்டும் மதராஸ் மாகாணத்துக்குத்தான். விராலிமலை அப்போது தொண்டைமானின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், குளத்தூர் தாலுகாவில் இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணையும்வரை மாகாணச் சட்டமன்றத்தில் பேசியது எதுவும் தானாக எங்கள் ஊர்க் கிணற்றுக்கு வந்து சேராது.

ஆங்கிலேய நிர்வாகம் நமக்கு வைத்திருந்த பெயர் 'டிப்ரெஸ்டு கிளாசஸ்'. 1935 சட்டத்தில் பட்டியல் சாதி என்ற பெயர் வரும்வரை கோப்புகளில் அதுதான். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதும் 'டிப்ரெஷன்' அதே வேரில் முளைத்த சொல். அழுத்திக் கீழே தள்ளப்பட்டது என்பது பொருள். தமிழில் அதற்கு 'தாழ்ந்தோர்' என்று சொல்வதை நம்மவர்கள் ஏற்கவில்லை. 'தாழ்த்தப்பட்டோர்' என்று செயப்பாட்டு வினையில் நிறுத்தினார்கள். யாரோ தாழ்த்தியிருக்கிறார்கள் என்பது அந்த இலக்கணத்திலேயே இருக்கிறது. எங்கள் அக்கா ஓ.பி. சீட்டில் தேடியதும் அதைத்தான்.

இனி மருத்துவத்தின் பக்கம் வருவோம். 'தாழ்வு மனப்பான்மை' என்ற கருத்தை 1920களில் பரப்பியவர் வியன்னாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஆட்லர். குழந்தைப் பருவம், உடல் குறை, குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பதில் அவர் கவனம் அதிகம். 1965-இல் மாரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தன்மதிப்பை அளக்கப் பத்து வாக்கியங்களைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் 10 பள்ளிகளில் 5,024 மாணவர்களிடம் அவர் நடத்திய ஆய்வு அது. இன்றும் உலகம் முழுக்க, நம் கல்லூரிகளிலும், அதே பத்து வாக்கியங்கள்தான் புழங்குகின்றன. 1967-இல் ஆரோன் பெக், மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் ஒரேயடியாக மோசமாகவே நினைக்கிறார் என்று எழுதினார்.

தன்மதிப்புக் குறைவு மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா, மனச்சோர்வு தன்மதிப்பைக் கரைக்கிறதா என்பது நீண்ட நாள் விவாதம். 2013-இல் சோவிஸ்லோ, ஓர்த் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே ஆட்களைக் காலம் விட்டுத் தொடர்ந்து கவனித்த 77 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் நடக்கிறது, ஆனால் முதலாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவானது என்று கண்டார்கள். ஆக மருத்துவர் எழுதிய வரி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது பாதியில் நிற்கிறது.

ரோசன்பெர்க்கின் பத்து வாக்கியங்களில் ஒன்று, மற்றவர்களுக்குச் சமமான மதிப்புள்ளவனாக என்னை உணர்கிறேனா என்று கேட்கிறது. சென்ற ஆண்டு எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, இது நான் நினைக்கிறதைக் கேக்குதா, ஊர்ல நடக்கிறதைக் கேக்குதா?" என்றாள். டீக்கடையில் தனி டம்ளர் இருக்கிற ஊரில் 'சமமில்லை' என்று டிக் செய்கிற பிள்ளை நோயாளியா, நேர்மையான சாட்சியா? அளவுகோலுக்கு இரண்டும் ஒரே மதிப்பெண்தான்.

இதே கேள்வியை அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நமக்கு முன்பே நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை 3 முதல் 7 வயதுவரையான கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. ஒடுக்கப்பட்ட குழந்தை தன்னைத் தாழ்வாகவே நினைக்கும் என்பது அதன்பின் பொதுப்புத்தி ஆகிவிட்டது.

ஆனால் 1971-இல் அதே ரோசன்பெர்க், ராபர்ட்டா சிம்மன்ஸ் என்பவருடன் சேர்ந்து பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் அளந்தபோது, கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையர்களுடையதைவிடக் குறைவாக இல்லை. பிறகு வந்த பல ஆய்வுகளில் கூடுதலாகவே இருந்தது. ஏன் என்று 1989-இல் ஜெனிஃபர் கிராக்கர், பிரெண்டா மேஜர் இருவரும் விளக்கினார்கள். தனக்கு நடந்த அவமானத்துக்குக் காரணம் தன் குறை அல்ல, எதிரில் இருப்பவரின் பாகுபாடு என்று அறிந்தவருக்கு அந்த அறிவே ஒரு கவசம். அப்படி அறிய, தன்னைப் போன்றவர்கள் கூட இருக்க வேண்டும்.

அயோத்திதாசர் வாராவாரம் அச்சடித்துக் கொடுத்தது இந்தக் கவசத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுயமரியாதை என்ற சொல்லை 1925-க்குப் பிறகு பெரியார் ஊரூராகக் கொண்டுபோனார். அதற்கு முன்பே சேரிகளில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. இன்னொன்றையும் சேர்க்கிறேன். எங்கள் விராலிமலைக் கோயிலில் சதிர் ஆடிய 32 பேரில் கடைசியானவர் முத்துக்கண்ணம்மாள். அவர் வேறு சமூகம், வேறு வரலாறு. ஆனால் இழிசொல்லாக மாற்றப்பட்ட ஒரு பெயரைச் சுமந்துகொண்டே கலையை விடாமல் இருந்தவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ வந்தபோது, எங்கள் ஊரில் பலர் முதன்முறையாக அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னதைக் கேட்டேன்.

கவசம் இருந்தால் போதும் என்று முடித்துவிட முடியாது. இங்கேதான் நம் மேடைப் பேச்சும் தவறு செய்கிறது. "நீ சிங்கம், நிமிர்ந்து நில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

1917-இல் புரட்சியாளர் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். வேறு வீடு கேட்டுப் போன நண்பர்களும் கைவிரித்தார்கள். ஊரின் பூங்கா ஒன்றில் துயரத்தோடு உட்கார்ந்திருந்தார். இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் வாசிக்கும் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அன்றைய இந்தியாவில் அவரளவு படித்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பூங்காவில் அவருக்குக் குறைந்திருந்தது தன்மதிப்பா? கூரை இல்லை. போக்கிடம் இல்லை.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் கேம்பர்வெல் பகுதியில் 458 பெண்களிடம் நேரில் பேசி 1978-இல் ஒரு நூல் எழுதினார்கள். மனச்சோர்வுக்கு முன்னால் வாழ்க்கையில் ஏதோ ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது என்பதைக் காட்டிய நூல் அது. 1990களில் பிரவுனின் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. இழப்பு மட்டும் நேர்ந்தவர்களைவிட, அவமானமும் தப்பிக்க வழியில்லாத நிலையும் சேர்ந்து நேர்ந்தவர்களே அதிகமாக மனச்சோர்வில் விழுந்தார்கள். அவமானம், சிக்கிக்கொள்ளல். சாதியை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய இரண்டு சொற்களை நான் படித்ததில்லை. பிரவுன் சாதியைப் பற்றி எழுதவில்லை என்பது வேறு.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. நான்கு தோழர்களோடு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே 'வெலிவாடா', அதாவது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி, என்று பெயரிட்ட கூடாரத்தில் படுத்திருந்தார். 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அதன்பின் அவர் மனநிலை பற்றித் தொலைக்காட்சியில் எவ்வளவு பேசினார்கள்! கூடாரத்தைப் பற்றி அதில் பாதிகூடப் பேசவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். 2022 டிசம்பர் 26, வேங்கைவயல். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய்க்கொண்டே இருந்தது, மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 10,000 லிட்டர் தொட்டிக்குள் மனித மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு வந்தபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும், கோயில் நுழையத் தடையும் சேர்ந்தே வெளிவந்தன. பிறகு வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குடித்தவர்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். சிறுவர்களிடம்கூட. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவு எதுவானாலும் இருக்கட்டும். குடித்த தண்ணீரை நினைத்து வாந்தி எடுத்த ஒரு தாய்க்கு இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவமானம் ஒருநாள் நடந்தது. சிக்கிக்கொள்ளல் இன்னும் நடக்கிறது.

ஆஷிஷ் குப்தா, டயேன் காஃபி இருவரும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பை வைத்து ஆறு மாநிலங்களைப் பற்றி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தலித்துகளும் முஸ்லிம்களும் ஆதிக்கச் சாதியினரைவிட அதிக மனச்சோர்வும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்பையும் சொத்தையும் கணக்கில் எடுத்துச் சமன் செய்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

சிகிச்சை வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது மாத்திரையால்தான். என் கட்டுரையால் அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் போராட்டம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 14416 டெலி மனாஸ், 104, இரண்டும் இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். நான் மருத்துவர்களிடம் கேட்பது ஒன்றுதான். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று இவன் சொன்னால் அது நோய் சொல்வது, அதை மாற்றுங்கள். 'என் தட்டைத் தனியாக வைத்தார்கள்' என்று சொன்னால் அது நடந்தது. அதை 'எதிர்மறைச் சிந்தனை' என்ற கட்டத்தில் எழுதாதீர்கள். இரண்டாம் முறை போனபோது இதை அந்த மருத்துவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம்பியிடம், "அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுப்பா" என்றார். அன்றைக்குத்தான் அவன் முழுதாகச் சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ அறிவொளிக்குப் போனது. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை வெளியூர் ஆட்கள் எழுத்தறிவுத் திட்டம் என்றுதான் அறிவார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதில் சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். கல்குவாரிகளில் கடனுக்கு அடிமையாகக் கல் உடைத்த பெண்கள் அதே காலத்தில் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. அவருடைய அப்பா ஊர்த்தெரு வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போவாராம். கண்மாய்ப் பொட்டலில் ஓட்டப் பழகிய ஒரு மாதத்தில் காலனிப் பெண்கள் எட்டுப் பேர் ஊர்த்தெரு வழியாகவே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். திண்ணையிலிருந்து யாரோ கத்தினார்கள். இவர்கள் பெல் அடித்தார்கள்.

"பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"இல்லாம என்ன. கை நடுங்குச்சு. தனியாப் போயிருந்தா எங்கப்பன் மாதிரி எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போயிருப்பேன் தாயி. எட்டுப் பேரு போனோம்ல." முன் இருக்கையில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். "இவன் அந்த ரூம்ல ஒத்தையா இருந்துருக்கான்."

தம்பி இப்போது எங்கள் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லித் தருகிறான். வேலைக்குத் திரும்பவில்லை. அந்த அறையில் நடந்ததற்குப் புகார் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவன் முடிவு. அடுத்த ஓ.பி. வரும் வியாழக்கிழமை. இந்த முறை பஸ் வேண்டாம், சைக்கிளிலேயே மெயின் ரோடு வரைக்கும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.